ஒரு ராத்திரிக்கு மூணு நாள் வாடகை!

தி.நகரில் குடியிருப்பவனுக்கு மூன்று விதமான டெலிபோன் வரும். ஆடி மாதம் என்றால், "அந்தக் கடையில தள்ளுபடி ஆரம்பிச்சாச்சா?" ஐப்பசி, கார்த்திகை என்றால், "உங்க தெருவுல தண்ணி நிக்குதாமே?" மூன்றாவது ரகம் வருஷம் பன்னிரண்டு மாசமும் வரும். "சீப்பா, நல்லதா ஒரு லாட்ஜ் இருந்தா சொல்லுங்களேன்!"

சீப் வேண்டும், நல்லதாகவும் வேண்டும். மாப்பிள்ளைக்குப் பெண் பார்ப்பதைவிடக் கஷ்டமான விஷயம் இது. ஆனால் முடியாத காரியம் இல்லை. கொஞ்சம் கணக்கும், கூச்சப்படாமல் கேள்வி கேட்கிற வாயும் இருந்தால் போதும்.

2025 நவம்பரில் வந்த போன் என் அக்காவுடையது. சங்கரன்கோவிலிலிருந்து.

"தம்பி, புள்ளைக்கு மெட்ராஸ்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காக. வியாழக்கிழமை பரீட்சை, வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. மூவாயிரத்துக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிரு. ராத்திரி நல்லாத் தூங்கணும் அவன்."

'உன் வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு?' என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் பெயின்ட் அடிக்கிறவர்கள் குடியேறியிருந்தார்கள். நாங்களே ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தோம். அந்த வாசனையில் படுத்து எழுந்தவன் இன்டர்வியூவில் தன் பெயரையே யோசித்துத்தான் சொல்வான்.

மருமகன் லைனுக்கு வந்தான். "மாமா, நானே செல்லுல பாத்துட்டேன். எழுநூத்தம்பது ரூவாய்க்கு ஹோட்டல் இருக்கு. போட்டிரவா?"

"பொறுடா மாப்ளே. ரூம் அப்புறம். முதல்ல மணியைச் சொல்லு."

"மணியா?"

லாட்ஜ் விவகாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது ரூபாயை அல்ல, கடிகாரத்தை. அவன் சங்கரன்கோவிலில் சாயங்காலம் ரயில் ஏறினால் வியாழன் விடியற்காலை வந்து இறங்குவான். லாட்ஜ் வாசலில் நிற்கும்போது காலை ஆறு. திரும்பும் ரயில் வெள்ளிக்கிழமை ராத்திரி. நடுவில் படுத்துத் தூங்கப் போவது ஒரே ஒரு ராத்திரி.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு நாள் வாடகை ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். '24 மணி நேரம்' முறை உள்ள லாட்ஜ் என்றால் வியாழன் காலை ஆறிலிருந்து வெள்ளி காலை ஆறு வரை ஒரு நாள். அதன் பிறகு வெள்ளி ராத்திரி வரை இன்னொரு நாள். மொத்தம் இரண்டாயிரம்.

'பகல் 12 மணி' முறை உள்ள இடத்தில் கதையே வேறு. வியாழன் ஆறு மணிக்குள் நுழைந்தால், அன்றைக்கு 12 அடிக்கும்போதே ஒரு நாள் செத்துப்போகும். வெள்ளி 12-க்கு இரண்டாவது நாள். அதன் பிறகு சட்டையை மாற்றிக்கொள்ள ரூமுக்கு வந்தால் மூன்றாவது நாள். ஒரு ராத்திரி தூங்குவதற்கு மூன்று நாள் வாடகை! எழுநூற்றைம்பது ரூபாய் 'சீப்' ரூம், இந்த முறையில் இரண்டாயிரத்து இருநூற்றைம்பது ஆகிவிடுகிறது. ஆயிரம் ரூபாய் ரூம், மணிக்கணக்கில் பார்த்தால் அதைவிட மலிவு.

இது நம்மூர்ப் பிரச்னை மட்டும் இல்லை. பிரேசில் நாட்டில் இதற்காகச் சட்டமே உண்டு. 2008-ம் வருஷத்துச் சுற்றுலாச் சட்டம், ஒரு நாள் வாடகை என்றால் 24 மணி நேரத்துக்கு என்று சொல்கிறது. ரூமைச் சுத்தம் செய்ய அதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 2025-ல் அங்கே சுற்றுலா அமைச்சகமும் விதி போட்டது. காப்பி விளைகிற ஊர்க்காரனும், டிகிரி காப்பி குடிக்கிற ஊர்க்காரனும் ஒரே ரிசப்ஷன் கடிகாரத்தை முறைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

'செக் அவுட் 24 மணி நேரமா, பகல் 12-ஆ?' இதுதான் முதல் கேள்வி. 12 மணி லாட்ஜ்தான் கிடைத்தது என்றால் அதற்கும் வழி உண்டு. வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போதே ரூமைக் காலி செய்துவிட்டு, பையை மட்டும் கவுன்ட்டரில் வைத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். பலர் மறுப்பதில்லை. விடிகாலை வருகிறவனுக்கு அரை நாள் வாடகை போடுவார்களா என்றும் கேட்கலாம். கேட்டால் கிடைக்கலாம். கேட்காவிட்டால் பில்தான் கிடைக்கும்.

இரண்டாவது கேள்வி வரி. 2022 ஜூலை 18 வரை நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைவான ரூமுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அன்றிலிருந்து அதற்கும் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூம்களுக்கு 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே ஆயிரத்துக்கு ஐம்பது ரூபாய். வருஷ வரவு இருபது லட்சத்தைத் தாண்டாத சின்ன லாட்ஜ்கள் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று தனியாக வாங்கவும் கூடாது. 'டாக்ஸ் சேர்த்தா, தனியா?' என்று முன்கூட்டியே கேளுங்கள். தனியாக என்றால் ஜி.எஸ்.டி. நம்பர் போட்ட பில் கேளுங்கள். தகராறு என்று வந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

"மாமா, சரி... எந்தத் தெருவுல போடலாம்?" என்றான் மருமகன்.

ரூமைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் தெருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தி.நகரில் தெருவுக்குத் தெரு சுபாவம் மாறும்.

மாம்பலம் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கினால் ரங்கநாதன் தெரு. உள்ளே போக நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும். தெற்கு உஸ்மான் ரோடும் அப்படித்தான். பகலெல்லாம் ஜனம், கடை மூடிய பிறகு சரக்கு இறக்குகிற சத்தம், விடிவதற்கு முன்னால் எலெக்ட்ரிக் டிரெயின். ஜவுளி எடுக்க வருகிறவருக்குச் சொர்க்கம். இன்டர்வியூவுக்கு வருகிறவருக்கு, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

தண்டவாளத்துக்கு மேற்கே மேற்கு மாம்பலம். அது தனி ராஜ்யம். மெஸ் சாப்பாடு, காய்கறிக் கடை, அயோத்தியா மண்டபம் இருக்கிற ஆரிய கவுடா ரோடு. ராத்திரி சீக்கிரம் அடங்கிவிடும். மழைக்காலத்தில் மட்டும் துரைசாமி சப்வேயை நம்பக் கூடாது. தண்ணீர் நின்றால் ஸ்டேஷன் நடைபாலம்தான் கதி.

பனகல் பூங்காவுக்கு அந்தப்புறம் ஜி.என். செட்டி ரோடு, அதை ஒட்டிய உள் தெருக்கள், தெற்கே வெங்கட்நாராயணா ரோடு. இங்கே வாடகை கொஞ்சம் தூக்கல், சத்தம் கொஞ்சம் குறைச்சல். மருமகனுக்கு இன்டர்வியூ அண்ணா சாலையில், தேனாம்பேட்டைப் பக்கம். பனகல் பூங்காவிலிருந்து பாண்டி பஜார் வழியாக நேரே நடந்தால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். 2019 நவம்பரில் அங்கே அகல நடைபாதை போட்டுத் திறந்தார்கள். காலை எட்டரைக்குக் கடைகள் திறக்குமுன் நடந்தால் சட்டை கசங்காது, ஆட்டோ காசும் மிச்சம்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தமில்லை. நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான டபிள்யு.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயர் அது. மேப்பில் தேடினால் அந்தச் சாலை 'தியாகராயா ரோடு' என்று வரும். ஊருக்கே பெயர் கொடுத்த சர் பிட்டி தியாகராயரும், பூங்காவுக்குப் பெயர் கொடுத்த பனகல் அரசரும், ரோட்டுக்குப் பெயர் கொடுத்த உஸ்மானும் அதே கட்சிக்காரர்கள். தி.நகரில் வழி கேட்பது என்பது நீதிக்கட்சிக் கூட்டத்தில் வருகைப் பதிவேடு வாசிப்பது மாதிரி!

இன்னொரு குழப்பம் 'ஹோட்டல்.' செல்போனில் ஹோட்டல் என்று தேடினால் ரூம் காட்டும். தெருவில் நின்று "இங்க ஹோட்டல் எங்கே இருக்கு?" என்று கேட்டால் இட்லிக் கடையைக் காட்டுவார்கள். நம்மூரில் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போவோம், லாட்ஜுக்குத் தூங்கப் போவோம். பெட்டியோடு நிற்கிறவர் 'லாட்ஜ்' என்றே கேட்பது உத்தமம்.

அடுத்தது மழை. தி.நகர் எழும்பி நிற்பது ஏரி மேல். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை வற்ற வைத்து, 1920-களில் போட்ட நகர் இது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை, ரோடு மட்டும் பாக்கி. ஆனால் ஏரிக்குத் தன் பழைய விலாசம் மறக்கவில்லை. 2021 நவம்பரில் தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை தி.நகரில் ரூம் போடுகிறவர், கொஞ்சம் வாடகை குறைச்சலாகக் கிடைக்கிறதே என்று தரைத்தளத்தில் படுக்க வேண்டாம். முதல் மாடி அல்லது இரண்டாம் மாடி. அதற்கு மேலே என்றால் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். 'லிஃப்ட் இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு' என்பார்கள். இருக்கும். வேலைதான் செய்யாது.

இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டு, வெங்கட்நாராயணா ரோட்டை ஒட்டிய தெருக்களில் இருக்கிற நான்கு லாட்ஜ்களுக்குப் போன் போட்டேன்.

முதல் லாட்ஜில் எடுத்தவுடன், "எத்தனை பேர்?" என்றார்கள்.

"ஒரே ஆள்தான். பையன், இருபத்து மூணு வயசு."

"சிங்கிளுக்கு ரூம் இல்லை ஸார்." டொக்.

இரண்டாவது இடத்திலும் அதே பதில். ஊரிலிருந்து தனியாக வருகிற இளைஞனுக்குச் சென்னை வைக்கிற முதல் பரீட்சை இதுதான். தனி ஆள் என்றால் லாட்ஜ்காரர்களுக்கு ஒரு பயம். ரூமுக்குள் போய் ஏதாவது செய்துகொண்டுவிட்டால் போலீஸ், விசாரணை என்று அலைய வேண்டுமே என்பார்கள். ஆன்லைனில் பணம் கட்டிவிட்டு, விடிகாலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கும்போது இந்த வசனத்தைக் கேட்டால் எப்படி இருக்கும்? அதனால்தான் சொல்கிறேன். எதில் புக் செய்தாலும் சரி, பணம் கட்டும் முன் லாட்ஜுக்கே ஒரு போன் போட்டு, 'தனி ஆளுக்குக் கொடுப்பீர்களா?' என்று கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது இடத்தில் 12 மணி முறை. நான்காவது லாட்ஜில் எடுத்தவர் கொஞ்சம் வயசானவர். குரலிலேயே விபூதி வாசனை.

"சிங்கிளா ஸார்? தம்பி எதுக்கு வர்றாப்ல?"

"வேலைக்கு இன்டர்வியூ. வெள்ளிக்கிழமை காலையில."

ஒரு நிமிஷம் பேச்சில்லை. நோட்டைப் புரட்டுகிற சத்தம்.

"ரோட்டுப் பக்கம் ரூம் இருக்கு ஸார், காத்து நல்லா வரும். ஆனா வேணாம். ராத்திரி வண்டிச் சத்தம். பின்பக்கம் ரெண்டாவது மாடியில ஒண்ணு தர்றேன். ஜன்னலைத் திறந்தா சுவர்தான் தெரியும். புள்ள தூங்கட்டும். ஆயிரம் ரூபா, டாக்ஸ் தனி, 24 மணி நேரம். இன்டர்வியூ லெட்டர் ஒரு காப்பி, ஐ.டி. ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. உங்க போன் நம்பரையும் குடுங்க."

எந்த விளம்பரத்திலும் இல்லாத வசதி அது. செல்போன் படத்தில் கட்டில் தெரியும், டி.வி. தெரியும், மடித்து வைத்த டவல்கூடத் தெரியும். சத்தம் தெரியாது. எந்த ரூமில் தூக்கம் வரும் என்று அங்கேயே உட்கார்ந்திருக்கிற மானேஜருக்குத்தான் தெரியும். அவரிடம் நாம் எதற்கு வருகிறோம் என்று ஒரு வரி சொன்னால், அதற்கு ஏற்ற சாவியை எடுத்துக் கொடுக்கிறார். சொல்லாதவருக்கு எது காலியோ அது.

ஐ.டி. விஷயத்தில் ஒரு குறிப்பு. ஆதார்தான் என்று இல்லை. டிரைவிங் லைசென்ஸோ வாக்காளர் அட்டையோ காட்டலாம். ஆதார் கொடுப்பதென்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற 'மறைத்த ஆதார்' ஒன்றை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஒரிஜினல் அட்டையை 'இங்கேயே இருக்கட்டும்' என்று வாங்கி வைத்தால், பணிவாகத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு மருமகனுக்கு வழி சொன்னேன். "டிக்கெட் எடுக்கும்போதே மாம்பலத்துல நிக்கிற ரயிலாப் பாரு. அங்கேயே எறங்கிரு. எறங்குனதும் ரங்கநாதன் தெருவுக்குள்ள போகாதே. ஸ்டேஷன்லேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாலம் இருக்கு, 570 மீட்டர். அதுல நடந்து வந்துரு." 2023 மே மாதம் திறந்த பாலம் அது. பெட்டி தூக்கி வருகிறவருக்கு வரப்பிரசாதம்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டிக்கெட்டில் சென்னை என்று போட்டிருக்கும். தெற்கேயிருந்து வருகிற பஸ் இறக்கிவிடுவது 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில். அங்கிருந்து தி.நகருக்கு ஆட்டோ கேட்டால், மிச்சமிருக்கும் தூக்கமும் போய்விடும். மாநகர பஸ் பிடிக்கலாம். அல்லது பக்கத்தில் வண்டலூர் போய் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால் மாம்பலத்துக்குச் சில்லறைக் காசு.

ரூமுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஐந்து விஷயம் பார்க்கச் சொன்னேன். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? ஃபேன் ரெகுலேட்டர் சொன்னபடி கேட்கிறதா? (பல லாட்ஜ் ஃபேன்களுக்கு இரண்டே வேகம்: சும்மா, சூறாவளி.) செல்போன் சார்ஜ் ஏறுகிறதா? படுக்கை விரிப்பு துவைத்ததா? பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் சொன்னால் ரூமை மாற்றித் தருவார்கள். குளித்துவிட்டுப் போய்ச் சொன்னால், 'நாளைக்குப் பாக்கலாம் ஸார்.'

சாப்பாட்டுக்கும் ஒரு திட்டம் போட்டோம். காலையில் டிபன், மத்தியானம் மெஸ் சாப்பாடு, ராத்திரி இரண்டு இட்லி, அவ்வளவுதான். 2013-லிருந்து நடக்கிற அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். இன்டர்வியூவுக்கு முதல் நாள் ராத்திரி பரோட்டா, பிரியாணிப் பரிசோதனை எல்லாம் வேண்டாம் என்று அக்காவே தனியாகத் தடை உத்தரவு போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறும் முன் மருமகன் கணக்கு ஒப்புவித்தான். ரூம் இரண்டு நாளைக்கு 2,000. ஜி.எஸ்.டி. 100. சாப்பாடு, காப்பி 480. பஸ், ரயில் 90. அம்மாவுக்கு ரங்கநாதன் தெருவில் ஒரு கைப்பை 200. ஆக மொத்தம் 2,870. மிச்சம் 130 ரூபாய்.

"தூங்குனியாடா?"

"மாமா, ஒம்பதரைக்குப் படுத்தேன். அஞ்சே முக்காலுக்கு அந்தப் பெரியவரே கதவைத் தட்டி எழுப்பிட்டாரு. 'தம்பி, வெந்நி வந்துருச்சு, மொத ஆளாக் குளிச்சிரு'ன்னாரு."

இரண்டு வாரம் கழித்து அவனுக்கு அடுத்த சுற்றுக்கு அழைப்பு வந்தது. எங்கள் வீட்டில் பெயின்ட் காய்ந்துவிட்டது, தாராளமாக இங்கேயே தங்கலாம் என்று சொல்ல அவனைக் கூப்பிட்டேன்.

"வேண்டாம் மாமா. அந்த லாட்ஜுக்கு நானே போன் பண்ணிட்டேன். 'பின்பக்க ரூம்தானே தம்பி?'ன்னு அவரே கேட்டுட்டாரு!"